பின்னால் வந்த அக்கா

"இந்த ஒரு பிள்ளையை இரண்டு பிள்ளையாகப் படம் எடுத்துத் தரவேண்டும்" என்று அந்தப் பெண் இத்தாலிய மொழியில் கேட்டாள்.

சிஞ்ஞோர் ஃபெருச்சோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமியைப் பார்த்தார். அது மே மாதம். ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்குகிற மாதம். பலெர்மோ நகரின் பொலிதேயாமா அரங்குக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில், வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுதிரியுமாகச் சிறுமிகளின் படங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

"இரண்டு பிரதிதானே? பத்துக்கூடத் தரலாம்."

"பிரதி இல்லை, சிஞ்ஞோர். ஒரு படம். உட்கார ஒரு வாங்கு. இந்தப் பக்கம் இவள் இருப்பாள். அந்தப் பக்கமும் இவள் இருப்பாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் தெரியவேண்டும்."

அவருடைய முகம் மாறியது. உள்பக்கம் திரும்பி, "ஜானா!" என்று கூப்பிட்டார். ஞானம்பிகை என்ற பெயரில் அவருடைய வாய்க்கு வசப்பட்டது அவ்வளவுதான்.

ஞானம்பிகை இருட்டறை வாசலில் நின்று படங்களின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டூடியோவுக்கு அவள் கூட்டித் துடைக்கத்தான் வந்தாள். ஒருநாள் ஒரு மணப்பெண்ணின் முகத்தில் விழுந்திருந்த கீறலை அவள் தூரிகையால் இருந்த இடம் தெரியாமல் மறைத்ததை சிஞ்ஞோர் பார்த்துவிட்டார். அதன் பிறகு அவர் அவளிடமிருந்து துடைப்பத்தை வாங்கவும் இல்லை, தூரிகையை வாங்கவும் இல்லை. இரண்டு வேலையும் அவளுடையதாயின.

"இவள் சொல்வதைக் கேள்" என்றார் சிஞ்ஞோர், குரலைத் தாழ்த்தி. "இல்லாத பிள்ளைக்கு விசாக் கடதாசி எடுக்கப் பார்க்கிறாள். நாளைக்கு குவெஸ்தூரா பொலிஸ்காரன் வந்து இரண்டாவது பிள்ளை எங்கே என்று என்னைத்தான் கேட்பான்."

ஞானம்பிகைக்கு அது வேறுவிதமாகப் பட்டது. யாழ்ப்பாணத்தில் அவளும் அவளுடைய கணவன் றஞ்சித்தும் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். செத்துப்போன தகப்பனின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து, அவரை மகளின் கலியாணப் படத்தில் நிறுத்தித் தரும்படி கேட்டவர்கள் அங்கே உண்டு. வாழ்நாளில் சால்வை தவிர வேறொன்றும் தோளில் போடாதவர்களுக்குக் கோட்டுப் போட்டுக் கதிரையில் இருத்திக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு இறந்தவரின் படம் ஒன்றாவது வேண்டும். இருக்கிறவரைக் கொண்டே இல்லாதவரைப் படம் எடுப்பதை அவள் கேள்விப்பட்டதில்லை.

"மற்றவள் எங்கே?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"லாகோஸில்" என்றாள் அந்தப் பெண். "மண்ணுக்குள்ளே."

சிஞ்ஞோர் ஃபெருச்சோ அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சிறிது நேரம் மேசையில் விரல்களால் தட்டினார். பிறகு, தான் ஒன்றையும் கேட்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தான் சகோதரி வீட்டுக்குச் சாப்பிடப் போவதாகவும், கதவுத் திறப்பு ஜானாவிடம் இருப்பதாகவும், படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரை மட்டும் விழக்கூடாது என்றும் சொன்னார்.

அந்தப் பெண்ணின் பெயர் மொடூபே. நைஜீரியாவின் யொரூபா இனத்தவள். பல்லறோ சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தலைமயிர் பின்னிக்கொடுத்துப் பிழைத்தாள். கணவன் வடக்கே பிரேஷாவில் ஒரு பட்டறையில் வேலை செய்தான். மறுநாள் மதியம் ஸ்டூடியோ பூட்டியிருந்த நேரத்தில் ஞானம்பிகை அவளைத் தேடிக்கொண்டு அங்கே போனாள். என்ன உடுப்பு, எந்தப் பக்கம் யார் என்று கேட்கத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு அந்தக் கதை முழுவதும் வேண்டியிருந்தது. நேற்றுச் சாயந்தரம் முழுதும் அது பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

மொடூபே ஒரு கானா நாட்டுப் பெண்ணின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துவைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே சிறுமி இருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு தட்டில் தக்காளிக் குழம்பும் சோறும். சிறுமி அதைத் தொடவில்லை. ஒரு துண்டுப் பாணைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான்" என்றாள் மொடூபே, கண்ணை எடுக்காமல். "பொம்மை தொலைந்த நாளில் இருந்து இப்படித்தான். வைத்தியர் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்கிறார்கள். எனக்குத் தெரியும் என்ன என்று. அவளுடைய அக்கா கூப்பிடுகிறாள்."

அதன் பிறகு பின்னலோடு சேர்த்துக் கதையையும் பின்னினாள். இரட்டைப் பிள்ளைகளின் உயிர் ஒன்று. ஒன்று செத்தால் பாதி உயிர் அந்தப் பக்கம் போய்விடும். மீதியையும் இழுக்கப் பார்க்கும். அதனால் செத்த பிள்ளைக்கு மரத்தில் ஓர் உருவம் செதுக்கி, அதைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, மற்றதுக்குக் கொடுப்பதை எல்லாம் அதுக்கும் கொடுக்க வேண்டும். மரத்தில் செய்தது மாமியாரிடம் லாகோஸில் இருக்கிறது. இத்தாலிக்கு வரும்போது மொடூபே அதற்குப் பதிலாகச் சந்தையில் ஒரு மண்ணிறப் பிளாஸ்டிக் பொம்மை வாங்கிக்கொண்டு வந்தாள். கெஹிந்தே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தினமும் அதன் வாயில் ஒரு வாய் சோறு காட்டிவிட்டுத்தான் மகளுக்குத் தீத்தினாள். போன மாதம், அவர்கள் வீடு இருக்கிற பிரான்காச்சோவில் இருந்து வந்த பஸ்ஸில் அது தவறிவிட்டது.

"வேறு பொம்மை வாங்கவில்லையா?"

"வாங்கினேன். பலெர்மோவில் எல்லாப் பொம்மைக்கும் மஞ்சள் மயிர். இவள் அதைப் பார்த்துவிட்டு, இது கெஹிந்தே இல்லை, இது சிஞ்ஞோராவின் பிள்ளை என்று யன்னலுக்கு வெளியே போட்டுவிட்டாள்."

தலையைக் கொடுத்திருந்த பெண் குலுங்கிச் சிரித்தாள். மொடூபே சீப்பால் அவளுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எங்கள் ஊரில் மரம் செதுக்கக் கூச்சப்படுகிற கிறிஸ்தவர்கள் படம் எடுத்து வைப்பார்கள். இருக்கிற பிள்ளையை இரண்டு தரம் எடுத்து ஒரே தாளில் போட்டுத் தருகிற படக்காரர்கள் அங்கே உண்டு. அடுத்த புதன்கிழமை இவர்கள் பிறந்த நாள். அவரைக்கொட்டை சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நாள். அன்றைக்குக் கெஹிந்தே வீட்டில் இல்லாவிட்டால்..." மொடூபே மேசைக்குக் கீழே பார்த்தாள்.

ஞானம்பிகை கீழே குனிந்து சிறுமியைப் பார்த்தாள். "அப்படியானால் இவள் தங்கை. பின்னால் பிறந்தவள்."

"இல்லை. இவள் தாயிவோ. முதலில் பிறந்தவள். அதனால்தான் தங்கை."

"முதலில் பிறந்தவள் எப்படித் தங்கை ஆவாள்?"

"ஸொரெல்லா, நீ உன் தங்கையோடு ஒரு தெரியாத வீட்டுக்குப் போகிறாய். முதலில் யாரை உள்ளே விடுவாய்? சின்னவளைத்தான். போய்ப் பார், நல்ல இடமா, சாப்பாடு இருக்கிறதா என்று. கெஹிந்தே தாயிவோவை அனுப்பினாள். போ, உலகத்தை ருசி பார்த்துச் சொல் என்றாள். தாயிவோ வந்து ருசி பார்த்தாள், நல்லது என்று அழுதாள். அதைக் கேட்ட பிறகுதான் பெரியவள் ஆறுதலாக வந்தாள். தாயிவோ என்ற பெயரே அதுதான். கெஹிந்தே என்றால் பின்னால் வந்தவள்."

இது ஞானம்பிகையின் தலைக்குள் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் ஐந்து நிமிடம் முந்திப் பிறந்துவிட்டு ஆயுள் முழுதும் அதிகாரம் பண்ணுகிற அக்காமார்தான் இருந்தார்கள்.

"ஏன் உங்கள் இனத்தில் இரட்டை இவ்வளவு?" என்று கேட்டாள்.

"குரங்கின் பழி" என்றாள் மொடூபே.

ஒரு கமக்காரன் இருந்தானாம். தோட்டத்துக்குள் வந்த குரங்குகளை எல்லாம் அடித்துக் கொன்றான். செத்த குரங்குகள் பழி வாங்க அவனுடைய மனைவியின் வயிற்றுக்குள் இரண்டிரண்டாகப் புகுந்தன. பிறக்கும், சாகும். மறுபடி பிறக்கும், மறுபடி சாகும். ஒன்றும் தங்கவில்லை. குறி சொல்கிறவனிடம் போனான். குரங்கை விடு, அவை தின்னட்டும் என்றான் அவன். கமக்காரன் விட்டான். அதன் பிறகு பிறந்த இரண்டும் தங்கின.

"தோட்டம்?"

"தோட்டம் குரங்குக்கு" என்றாள் மொடூபே. மூன்று பேரும் சிரித்தார்கள்.

"எங்கள் பக்கத்திலும் பிள்ளை தங்காவிட்டால் ஒன்று செய்வார்கள்" என்றாள் ஞானம்பிகை. "பிறந்த பிள்ளையை அயல்வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டுத் திரும்ப வாங்குவார்கள். அது மதிப்பில்லாத பிள்ளை என்று யமன் நினைக்கட்டும் என்று."

"தவிட்டுக்கா! நாங்கள் நாய் என்று பெயர் வைப்போம்." மொடூபே தலையை ஆட்டினாள். "சாவு எல்லா ஊரிலும் மடையன்தான் போல. எல்லாரும் அவனை ஏமாற்றப் பார்க்கிறார்கள்."

அன்று மாலை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் அறையில் ஞானம்பிகை இதையெல்லாம் நிரோசினியிடம் சொன்னாள். நிரோசினி அவளுடைய சித்தப்பா மகள். ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிக்கிற வேலை. வாய் மட்டும் ஓயாது.

"ஞானமக்கா, செத்த பிள்ளைக்குச் சோறு தீத்திறதோ? எனக்கெண்டால் பயமாக் கிடக்கு. ஏன் உதுக்குள்ளை தலையைக் குடுக்கிறியள்?"

"நாங்கள் மட்டும் என்ன செய்யிறம்? திவசத்துக்குப் படைச்சுப்போட்டுக் காகத்தைக் கூப்பிடுறேல்லையோ?"

"இஞ்சை காகம் எங்கை வருது? போனமுறை கோபாலசிங்கம் அண்ணை பல்கனியிலை வைச்சதைப் புறா வந்து திண்டிட்டுப் போச்சுது. அவற்றை தேப்பனுக்குப் போய்ச் சேர்ந்துதோ ஆருக்குத் தெரியும்."

"சாந்தா றொசாலியா கோயிலுக்கு நீ வெறுங்காலோடை மலை ஏறேக்கை உனக்குப் பயமில்லை. இதுக்குத்தான் பயம்."

"அது வேறை, அக்கா. அவ எங்களுக்கு விசா வாங்கித் தந்தவ." நிரோசினி சோற்றை இறக்கிவிட்டுத் திரும்பினாள். "சரி, ஒண்டு கேக்கிறன். அந்தப் பிள்ளை தமக்கையா இருக்க ஓம்படுமோ? ஆறு வயசுக் குஞ்சுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துவியள்?"

அந்தக் கேள்வி ஞானம்பிகைக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மொடூபே இரண்டு சட்டைகளோடு வந்தாள். இரண்டும் ஒரே துணி, ஒரே தையல், நீலத்தில் வெள்ளைப் பூ. ஒரு சட்டையே போதும், படத்தில் வித்தியாசம் தெரியாது என்று ஞானம்பிகை சொன்னாள். "கெஹிந்தேக்குத் தெரியும்" என்றாள் மொடூபே.

காமிராவை முக்காலியில் இறுக்கி, வாங்கின் கால்களைச் சுற்றித் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இனி ஒரு மயிரளவும் எதுவும் அசையக்கூடாது என்று ஞானம்பிகை சொன்னாள். தாயிவோவை வாங்கின் இடப்பக்கம் இருத்தினாள். சிறுமி காலை ஆட்டினாள், கூரையைப் பார்த்தாள், விளக்கு ஏன் குடை பிடித்திருக்கிறது என்று கேட்டாள். குரல் மெலிந்திருந்தது. ஆனால் கேள்வி குறையவில்லை. அந்தக் கேள்வி முகத்தோடேயே ஞானம்பிகை படத்தை எடுத்தாள்.

பிறகு மொடூபே மகளின் காதில் தங்கள் மொழியில் ஏதோ சொல்லி, மற்றச் சட்டையைக் கையில் கொடுத்துத் திரைக்குப் பின்னால் அனுப்பினாள். திரும்பி வந்த பிள்ளை மெதுவாக நடந்து வந்தாள். வாங்கின் வலப்பக்கம் போய் இருந்து, சட்டையை முழங்காலுக்கு மேல் நீவிவிட்டு, கைகளை மடியில் வைத்தாள். கால் ஆடவில்லை. காமிராவை அவள் பார்த்த பார்வையில் கேள்வி ஒன்றும் இல்லை. உங்கள் எல்லாரையும் எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் இருந்தது.

"கெஹிந்தே" என்று மொடூபே மெல்லக் கூப்பிட்டாள்.

பிள்ளை தலையை ஆட்டினாள்.

ஞானம்பிகைக்கு விசையை அழுத்த வேண்டும் என்பது சற்றுப் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது. அழுத்திய பிறகும் யாரும் அசையவில்லை. கடைசியில் பிள்ளைதான் தாயைப் பார்த்து, "இனி நான் தாயிவோவாக வரலாமா?" என்று பலெர்மோத் தெருப்பிள்ளைகளின் இத்தாலியத்தில் கேட்டாள்.

திங்கட்கிழமை ஞானம்பிகை இருட்டறைக்குள் நின்றாள். தாளின் வலப்பாதியைக் கறுப்பு மட்டையால் மறைத்துக்கொண்டு விளக்கொளியில் தாயிவோவை விழுத்தினாள். பிறகு இடப்பாதியை மறைத்துக் கெஹிந்தேயை விழுத்தினாள். இரண்டும் சேருகிற இடத்தில் வெட்டுத் தெரியாமல் இருக்க மட்டையை மூச்சுவிடுகிற மாதிரி மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருந்தாள். மருந்துத் தட்டில் தாள் மெல்லக் கறுத்தது. முதலில் இரண்டு தலைகள் வந்தன. பிறகு நான்கு கண்கள். ஒரே வாங்கில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி இந்த உலகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். மற்றவள் பார்த்து முடித்திருந்தாள்.

சிஞ்ஞோர் ஃபெருச்சோ படத்தை யன்னலுக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். "எங்கே சேர்த்தாய்?" என்று கேட்டார். அவள் காட்டினாள். காட்டிய பிறகும் அவருக்குத் தெரியவில்லை. "மதோன்னா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படம் காய்ந்த பிறகு தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் மறைத்தாள். வேலை முடிந்தது. தூரிகையில் மை கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கை தன்பாட்டில் போய், தாயிவோவின் இடது கன்னத்தில் ஒரு சிறிய கறுத்த பொட்டை வைத்தது. அது அவர்கள் ஸ்டூடியோவின் பழக்கம். அழகான பிள்ளையின் படம் பொட்டில்லாமல் வாசலைத் தாண்டாது. வீட்டில் வைக்க மறந்துவிட்டு வந்த தாய்மார், "நாவூறு பட்டிடும், படத்திலையாவது ஒண்டு வைச்சு விடுங்கோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். சாப்பிடாமல் மெலிந்துபோன பிள்ளைக்கு அது இன்னும் அவசியம் என்று பட்டது. கெஹிந்தேயின் பக்கம் தூரிகை போகவில்லை. அவளுக்கு யாருடைய கண் படப்போகிறது?

புதன்கிழமை பிற்பகல் பஸ் பிடித்துப் பிரான்காச்சோவுக்குப் போனாள். அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்கு ஏறும்போதே எண்ணெய் மணந்தது. வீடு நிறையப் பெண்கள். அந்தக் கட்டடத்துச் சிசிலியப் பிள்ளைகளும் நைஜீரியப் பிள்ளைகளும் தரையில் வட்டமாக இருந்து, சிவந்த பனை எண்ணெயில் சமைத்த அவரையைத் தட்டுத் தட்டாகத் தின்றுகொண்டிருந்தார்கள். பிறந்த நாளுக்கு ஊர்ப் பிள்ளைகளின் வயிறு நிறைந்தால் இரட்டையர்களின் மனம் நிறையுமாம். அடுப்படியில் ஒரு பெண் அரைத்த மாவைக் கரண்டியால் கோலி எண்ணெயில் போட்டாள். ஞானம்பிகையால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

"இது என்ன மா?"

அந்தப் பெண் ஒரு கிண்ணத்தைக் காட்டினாள். ஊறவைத்துக் கோது உரித்த வெள்ளைக் கௌபிப் பயறு. அதோடு வெங்காயம், மிளகாய். நுரைக்க நுரைக்க அடித்தால்தான் உள்ளே பஞ்சு மாதிரி வரும் என்றாள் அவள். பெயர் அக்கரா. ஞானம்பிகை ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். வடைதான். ஓட்டை குத்தாத, உளுந்தைக் கண்டிராத ஒரு வடை. இதை நிரோசினியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனாள்.

தாயிவோ மூலையில் ஒரு கதிரையில் இருந்தாள். நீலச் சட்டை தோளில் இருந்து வழுகியது. அவளுக்கு முன்னால் இரண்டு தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் ஒரே அளவு அவரை. இரண்டும் ஆறிப்போயிருந்தன.

மொடூபே படத்தை வாங்கி, உறையைப் பிரித்தாள். ஒரு நொடி அவளுடைய முகம் முழுதும் மலர்ந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். பெண்கள் கூடிவந்து பார்த்தார்கள். யாரோ பாட்டெடுத்தாள். அப்போது தாயிவோ கதிரையில் இருந்து இறங்கி வந்து, படத்தை ஊன்றிப் பார்த்துவிட்டு, தன் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"எனக்கு இருக்கிறது. கெஹிந்தேக்கு இல்லை."

பாட்டு நின்றது. மொடூபே படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திரும்பியபோது அவளுடைய முகம் சாம்பல் பூத்திருந்தது.

"இது என்ன?"

ஞானம்பிகை சொன்னாள். கண்பட்டுவிடாமல் இருக்க என்று. எங்கள் வழக்கம் என்று.

"நல்லது. நல்ல வழக்கம். அப்படியானால் ஒருத்திக்கு ஏன் வைத்தாய், மற்றவளுக்கு ஏன் வைக்கவில்லை? இரட்டையில் ஒன்றுக்குக் கொடுத்து மற்றதை விட்டால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொன்னேனே. அதுவும் பெரியவளை விட்டுவிட்டு! அவளுக்குப் பொறாமை வரவேண்டும் என்று நீயே கையால் வைத்துக் கொண்டுவந்தாயா?"

ஞானம்பிகை படத்துக்குக் கையை நீட்டினாள். "மூலப்படம் என்னிடம் இருக்கிறது. பொட்டில்லாமல் இன்னொன்று எடுத்துத் தருகிறேன். இன்றைக்கே போய்..."

"கொடுத்ததைப் பறிக்கப் போகிறாயா? இவள் கண்டுவிட்டாளே." மொடூபே மகளின் தலையில் கை வைத்தாள். "பறித்தால் இவள் மனம் நோகும். விட்டால் அவள் மனம் நோகும். ஒரே வழிதான் இருக்கிறது. அவளுக்கும் வை."

அவள் உள்ளே போய் ஒரு சிறிய தோல் குப்பியைக் கொண்டுவந்தாள். உள்ளே கறுத்த தூள். கண்ணுக்குப் பூசுகிற மை. தங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கும் இதைப் பூசுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். வேறு நேரமாக இருந்தால் ஞானம்பிகை அதைப் பற்றி ஒரு நூறு கேள்வி கேட்டிருப்பாள்.

"என்னால் முடியாது" என்றாள்.

"ஏன்?"

தமிழரிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு அவளிடம் இருந்ததோ, வினைச்சொற்கள் ஒழுங்காக வராத ஓர் இத்தாலிய மொழி. அதில் அழுவதற்கு வேண்டிய சொற்களும் இல்லை. ஒருவேளை அதனால்தான் சொல்ல முடிந்தது. ஸ்டூடியோவின் மேல் குண்டு விழுந்தது. கணவன் உள்ளே. மகள் ஆரணி உள்ளே. நாலு வயது. ஆரணியின் முகத்தில் காயம் இல்லை. காலையில் தான் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. அடக்கம் செய்ய எடுக்கும்போது அயலில் இருந்த ஒரு பெண், செத்த பிள்ளைக்கு இனி என்ன நாவூறு என்று சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள்.

"உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத்தான் அது" என்று முடித்தாள்.

மொடூபே அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. "துடைத்தது யார் என்றாய்?"

"அயலில் ஒரு பெண். நல்ல மனுசி."

"நீ இல்லை."

"நான் இல்லை."

"அப்படியானால் நீ இன்னும் துடைக்கவில்லை" என்று சொல்லி, மொடூபே குப்பியை அவளுடைய கையில் வைத்தாள்.

ஞானம்பிகை குப்பியைத் திறந்தாள். தூரிகை கொண்டுவரவில்லை. யாரோ ஒரு தீக்குச்சியை நீட்டினார்கள். ஞானம்பிகை அதன் மறுமுனையில் ஒரு சொட்டு எண்ணெயைத் தொட்டு மையில் தோய்த்தாள். படத்தை மேசையில் வைத்து, கையை மேசையோடு அழுத்திக்கொண்டாள். மடியில் கைவைத்திருந்த அந்தப் பிள்ளை அவளையே பார்த்தாள். தாயிவோ மேசை விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு, மூச்சுப் படத்தில் படுகிற அளவுக்குக் கிட்ட நின்றாள்.

"கெஹிந்தேயை யார் பார்ப்பார்கள், கண்படுவதற்கு?" என்று கேட்டாள்.

ஞானம்பிகை தீக்குச்சியின் நுனியைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். படத்தைப் பார்த்தபடியே சொன்னாள், "அழகான பிள்ளை என்றால் எல்லா இடத்திலும் ஆட்கள் பார்ப்பார்கள்."

வைத்தாள். தாயிவோவுடையதைவிட அது ஒரு கடுகளவு பெரிதாகிவிட்டது. மொடூபே இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "பெரியவள்தானே" என்று முணுமுணுத்தாள்.

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். தாயிவோ தட்டுகளைப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய், சுடச்சுட ஓர் அக்கராவை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து, கெஹிந்தேயின் வாயில் வைத்து அழுத்தினாள். பளபளப்பான தாளில் எண்ணெய் வட்டமாகப் பரவியது. இவ்வளவு மினக்கெட்டு எடுத்த படம் என்று ஞானம்பிகையின் வாய் வரைக்கும் ஒரு சத்தம் வந்தது. அதை விழுங்கினாள். மூலப்படம் இருக்கிறது, வேண்டியபோது வேண்டியமட்டும் எடுத்துக் கொடுக்கலாம்.

பிள்ளை அக்கராவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உரத்த குரலில் வேறு ஏதோ கதைக்கத் தொடங்கினார்கள். ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஞானம்பிகையும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கீழே கொடிகளில் காய்ந்த துணிகளைப் பார்த்தபடி காதை மட்டும் பின்னால் வைத்திருந்தாள்.

மெல்லுகிற சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, வாய் நிறைந்த குரலில், "இன்னொன்று" என்றாள் தாயிவோ.

மொடூபே இரண்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.